மத்திய அரசு ஒப்பந்தப்புள்ளியில் சிறு நிறுவனம் முதன்முறை பங்கேற்பது எப்படி?

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உத்யம் பதிவு இல்லாதவர்கள் ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசின் உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிந்துவிட்டு வரலாம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசுத் தளமன்று.

உத்யம் சான்று ஏன் முக்கியம் என்றால், 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை தரும் சலுகைகள் அனைத்தும் அதைக் கொண்டே கிடைக்கின்றன. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது அந்த ஆணை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துக்கு விலையில்லை, ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. மிகக் குறைந்த விலை பெரிய நிறுவனம் ஒன்றினுடையதாக இருந்து, உங்கள் விலை அதைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கிவந்து ஒரு பகுதியை வழங்கும் வாய்ப்பும் உண்டு.

முதல் படி, இணையவழி ஆவணங்களில் கையெழுத்திடப் பயன்படும் கிளாஸ் 3 மின்னணுக் கையொப்பம் வாங்குவது. கையொப்பமிடும் சான்றும் மறைகுறியாக்கச் சான்றும் சேர்ந்த தொகுப்பாகவே கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று கையொப்பச் சான்றை மட்டும் வாங்கிவிட்டு, பின்னர் மற்றொன்றுக்காக அலைவது வீண்.

இரண்டாவது, மத்தியக் கொள்முதல் தளத்தில் பதிந்து, யு.எஸ்.பி. டோக்கன் எனப்படும், கணினியில் செருகும் சிறு கருவியில் உள்ள அந்தக் கையொப்பத்தை உங்கள் கணக்குடன் இணைப்பது. பான், ஜி.எஸ்.டி., உத்யம் சான்று போன்று ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் ஆவணங்களைத் தளத்தில் உங்கள் கணக்குக்கென உள்ள பகுதியில் ஒருமுறை ஏற்றிவைத்துவிட்டால், பிறகு தேர்ந்தெடுத்தாலே போதும். கறுப்பு வெள்ளையில் 100 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அழகான வண்ணக் கோப்புகள் கடைசி மணி நேரத்தில் ஏறாமல் நின்று கழுத்தை அறுக்கும்.

மூன்றாவது, ஆவணத்தைப் படிப்பது. பொருளின் தரவிவரத்துக்கு முன்பே தகுதி நிபந்தனைகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் வழக்கம், ஏனெனில் கேட்கப்படும் முன் அனுபவமோ விற்றுமுதலோ உங்களிடம் இல்லையென்றால் மீதிப் பக்கங்களைப் படிப்பதில் பயனில்லை.

நான்காவது, விலைப்பட்டியல். பி.ஓ.க்யூ. எனப்படும் எக்செல் கோப்பைத் தளத்திலிருந்து இறக்கி, நிரப்பச் சொன்ன கட்டங்களை மட்டும் நிரப்பி, கோப்பின் பெயரை மாற்றாமல் ஏற்ற வேண்டும். இலவச மென்பொருள்களின்மீது எனக்குப் பற்று உண்டு என்றாலும், இந்தக் கோப்புக்கு மட்டும் எக்செல்லையே பயன்படுத்துகிறேன்; அதற்குள் இருக்கும் மேக்ரோக்கள் வேறு மென்பொருளில் குலைந்துபோகலாம்.

ஐந்தாவது படியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். எல்லாக் கோப்புகளும் ஏறிவிட்டன, ஒவ்வொன்றின் எதிரிலும் குறியும் விழுந்துவிட்டது என்று நிம்மதியாகக் கணினியை மூடினேன். தொழில்நுட்ப ஒப்பந்தப்புள்ளிகள், அதாவது விலை தவிர்த்த தகுதி ஆவணங்கள், திறக்கப்பட்ட நாளில் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. கோப்புகளை ஏற்றுவது சமர்ப்பிப்பதாகாது: இறுதியில் ‘ஃப்ரீஸ் பிட் சப்மிஷன்’ என்ற பொத்தானை அழுத்தி, ஒப்பந்தப்புள்ளியின் எண்ணும் நேரமும் கொண்ட ஒப்புகைப் பக்கம் வந்த பிறகே உங்கள் ஒப்பந்தப்புள்ளி தளத்தின் கணக்கில் சேர்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பிழை கண்டால் கெடு முடியும்வரை திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வழி உண்டு என்பதால், முந்தைய நாளே அழுத்திவிடத் தயங்க வேண்டாம். கெடு தளத்தின் கடிகாரப்படியே எண்ணப்படும், உங்கள் கைக்கடிகாரப்படி அன்று.

பின்சேர்க்கை: உத்யம் சான்று இருந்தும் ஈ.எம்.டி. விலக்கு மறுக்கப்பட்டதாக வாசகர் இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே பொருளை வாங்கி விற்கும் வணிகர்கள். உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குநருக்கும் உரிய இந்தச் சலுகை வணிகருக்குப் பொருந்தாது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கும் அப்படியே. இன்னொருவர் ஒப்பந்தம் கிடைத்த பிறகு கட்ட வேண்டிய செயல்திறன் பிணைத் தொகைக்கும் விலக்கு உண்டு என்று எண்ணியிருந்தார். அதற்கு விலக்கில்லை, விலை குறிக்கும்போதே அந்தப் பணம் முடங்குவதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.