இங்கிலாந்தில் தெருக் குப்பையைக் கவுன்சிலுக்கு அறிவிப்பது எப்படி?

எங்கள் தெரு முனையில் யாரோ ஒரு பழைய மெத்தையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். மழையில் ஊறி மூன்று கிழமையாக அங்கேயே கிடந்தது. கவுன்சிலுக்கு அறிவிப்போமா என்று பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டேன். "ஏன் பிள்ளை வீண் வம்பு? பிறகு எங்களைத்தான் விசாரிப்பாங்கள்" என்றார். நம் ஆட்கள் பலருக்கும் இதே பயம். தேவையே இல்லை. பொதுத் தெருவில் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. அதை நினைவூட்டுவது நம் உரிமை.

1. முதலில் படம். இரண்டு எடுங்கள். ஒன்று கிட்டத்தில், என்ன கிடக்கிறது என்று தெரிய. மற்றது கொஞ்சம் தள்ளி நின்று, வீட்டு இலக்கமோ கடைப் பலகையோ விழும்படி. பைகளைக் கையால் தொடாதீர்கள், பிரிக்கவும் வேண்டாம். உள்ளே ஊசியோ உடைந்த கண்ணாடியோ இருக்கலாம். கொட்டியவரின் பெயர் போட்ட கடிதமும் இருக்கலாம், அது கவுன்சிலுக்குச் சாட்சி. யாராவது கொட்டுவதைக் கண்டால் வாய் கொடுக்காமல் வாகன இலக்கத்தையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. தெருப் பிரச்சினைகளைக் கவுன்சிலுக்கு அனுப்பிவைக்கும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் (FixMyStreet) இணையதளத்தைத் திறந்து போஸ்ட்கோடைப் போடுங்கள். 2007 முதல் இயங்கும் இலவசச் சேவை இது. எந்தக் கவுன்சிலுக்கு அனுப்புவது என்று நீங்கள் தலையை உடைக்க வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும்.

3. வரைபடத்தில் குப்பை கிடக்கும் இடத்தைச் சரியாகத் தொடுங்கள். ஒரு போஸ்ட்கோடுக்குள் பல வீடுகள் அடங்கும் என்பதால் அது மட்டும் போதாது. அதே குப்பையை வேறு யாராவது ஏற்கெனவே அறிவித்திருந்தால் அந்த இடத்தில் குறி தெரியும்.

4. இனி எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். "எங்கள் தெரு ஒரே அசிங்கம், வரி மட்டும் வாங்குகிறீர்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. காலையில் லொறியோடு வருபவர் தேடாமல் போய் நிற்கும்படி எழுதுங்கள்: "42ஆம் இலக்க வீட்டின் பக்கச் சுவரோடு ஒரு இரட்டை மெத்தை, ஆறு கறுப்புப் பைகள். நடைபாதை மறிபடுகிறது, தள்ளுவண்டி போக முடியவில்லை." இவ்வளவு போதும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, இடமும் பொருளும் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் வேலை நடக்கும். நாய்க் கழிவு, சுவர்க் கிறுக்கல், நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு, பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

5. பெயரைப் பொதுவில் காட்ட விருப்பமில்லையா? அந்தக் கட்டத்தில் சரி போடாமல் விடுங்கள். மாமிக்கு இதைக் காட்டிய பிறகுதான் மனம் ஆறியது. அப்புறம் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை மறக்காமல் அழுத்துங்கள். உறுதி செய்யாவிட்டால் முறைப்பாடு போகாது.

ஒன்று கவனியுங்கள். வீடுகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கை பல இடங்களில் தனியார் நிலம். அங்கே கிடக்கும் குப்பையை அகற்றுவது பொதுவாக நிலத்துக்குச் சொந்தக்காரரின் பொறுப்பு.

நாலு கிழமை கழித்து, சரியாகிவிட்டதா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். இல்லையென்றால் இல்லை என்றே பதில் போடுங்கள். பிறகு அதே படங்களையும் முறைப்பாட்டு எண்ணையும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்கள்.