மலைத்தோட்டக் குடும்பங்கள் குலதெய்வத்தையும் பூர்வீக ஊரையும் கண்டறியும் வழி

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பூர்வீகம் என்பது இன்று 'திருநெல்வேலிப் பக்கம்', 'கம்பம் பக்கம்' என்ற அளவிலேயே நிற்கிறது. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது செங்கோட்டை தமிழகத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட, எல்லைக்கு இருபுறமும் இருந்த சொந்தங்களின் போக்குவரத்தும் நாளடைவில் மெலிந்தது. ஊரைத் தேடுவோர் முதலில் குலதெய்வத்தைத் தேட வேண்டும் என்பதே என் கருத்து. சாமி இன்னதென்று தெளிந்தால் ஊரும் பங்காளிகளும் தாமாகவே தெரியவருவார்கள்.

வீட்டின் மூத்த பெண்மணியிடம் தொடங்குங்கள். பிறந்த வீட்டுச் சாமி, புகுந்த வீட்டுச் சாமி இரண்டையும் அறிந்தவர் அவரே. "நம் ஊர் எது?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தாத்தாவுக்கு முதல் முடி எங்கே இறக்கினார்கள், எந்த மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள், போடிமெட்டு வழியாக இறங்கினார்களா குமுளி வழியாகவா, பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கருப்பசாமி, சுடலைமாடன், பேச்சியம்மன் என்ற பெயர் மட்டும் கிடைத்தால் போதாது, அந்தச் சாமிகள் பல ஊர்களில் உண்டு. கோயில் குளத்தங்கரையில் இருந்ததா காட்டுக்குள் இருந்ததா, உடன் நின்ற சாமிகள் எவை, கிடா வெட்டா சைவப் படையலா என்பதைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து டிரங்குப் பெட்டியைத் திறவுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் 'துணை' என்று முடியும் வரியில் குலதெய்வத்தின் பெயர் இருக்கக்கூடும். மொய் நோட்டு அதைவிடப் பயனுள்ளது. ஊர்ப்பெயரை முன்னிட்டு மொய் எழுதும் வழக்கத்தால், ஒரே ஊரிலிருந்து திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பங்காளிகளாகவோ மாமன் மைத்துனராகவோ இருக்க வாய்ப்புண்டு. கென்யாவின் கிகுயு மக்கள் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயரையும் இடுவது மரபு; நம்மிடமும் தாத்தா பெயர் பேரனுக்கு வருவதால், ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மீளும் பெயரைக் கொண்டு கிளையை அடையாளம் காணலாம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும் இருந்தே ஆள் கூட்டி வந்தனர் என்பதால், உங்கள் முன்னோரை அழைத்துவந்த கங்காணியின் ஊரையும் விசாரியுங்கள். லயத்துக் கோயில் (தொழிலாளர் வரிசை வீடுகளை ஒட்டிய கோயில்) பிடிமண், அதாவது பூர்வீகக் கோயிலின் ஒரு பிடி மண், கொண்டுவந்து கட்டியதாக இருந்தால், அந்த மண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பூசாரியிடம் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உதவும்.

ஊர் ஓரளவு தெளிந்ததும் சாதாரண நாளில் போகாதீர்கள், கோயில் பூட்டியிருக்கலாம். நெல்லை, தென்காசிப் பகுதிச் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரமும், தேனி, மதுரைப் பக்கத்துக் கோயில்களுக்கு மகா சிவராத்திரியும் பங்காளிகள் கூடும் நாட்கள். கோயில் பெரியவரிடம் தாத்தா, பூட்டன் பெயர்களையும் மலையேறிய கதையையும் சொல்லுங்கள். அவர் உங்கள் கிளையை உறுதிசெய்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரியைக் கட்டி, வரி நோட்டில் தோட்ட முகவரியுடன் பெயரை எழுதச் சொல்லுங்கள். அடுத்த கொடை விழாவுக்கான அழைப்பு அந்த முகவரிக்கே வரும்.