ஓலையும் ஊற்றும்: ஊர்ப் பயணத்தில் ஒதுக்க வேண்டிய நான்கு நாட்கள்

வெளிநாடுகளிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகிற குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. முதல் வாரம் உறவினர் வீடுகள், அடுத்த வாரம் கோயிலும் நேர்த்திக்கடனும், கடைசி வாரம் கலியாண வீடு, நகைக்கடை, புடவைக்கடை. பிள்ளைகள் மூன்று வாரமும் கதிரைகளில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டு, "எத்தனையாம் வகுப்பு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எங்கள் முதல் இரண்டு பயணங்களும் அப்படித்தான் கழிந்தன. மூன்றாவது முறை டிக்கெட் எடுத்த அன்றே நான்கு நாட்களைத் தனியாக ஒதுக்கி வைத்தோம். இரண்டு நாள் கைவேலைக்கு, இரண்டு நாள் தண்ணீருக்கு.

எதைச் செய்யலாம் என்பதை உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைதான் தீர்மானிக்கும். அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மார்கழி, தை கிடைக்கும். ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஆடி, ஆவணி. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டு பருவமும் இரண்டு வேறு ஊர்கள் போல இருக்கும்.

எந்த மாதம் போனாலும் கிடைப்பது பனை ஓலை. ஊரில் பெட்டி இழைக்கத் தெரிந்த ஒரு பெரியம்மாவோ மாமியோ இன்னும் இருப்பார். உறவுக்குள் விசாரித்தால் தெரிந்துவிடும். கடையில் வாங்குவதற்குப் பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையம் இருக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டுமானால் திண்ணையில்தான் உட்கார வேண்டும். காய்ந்த குருத்தோலையைச் சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் வார்வதுதான் பாதி வேலை. பதினொரு வயது மகளுக்கு முதல் ஒரு மணி நேரம் ஓலை கிழிந்துகொண்டே இருந்தது. "இழுக்காதே பிள்ளை, ஓலை போகிற பக்கம் கையை விடு" என்றார் அந்த அம்மா. மத்தியானத்துக்குள் ஒரு குட்டான் முடிந்தது, பனங்கட்டி வைக்கும் அந்தச் சின்னக் கூடுதான். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எல்லாம் முதல் நாளில் வராது, குட்டானில் தொடங்குங்கள். சொந்தக்காரர் என்றாலும் அரை நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். அது அவருடைய தொழில்.

ஆவணி, புரட்டாசியில் போனால் பனம்பழம் விழும் காலம். சுட்ட பழத்தைப் பிசைந்து களி எடுப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை, முழங்கை வரை மஞ்சளாகிவிடும். அந்தக் களியோடு மாவும் சீனியும் சேர்த்துப் பனங்காய்ப் பணியாரம் சுடலாம். பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் மட்டும் பெரியவர்கள் இருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் இந்தக் காலத்தை ஒட்டித்தான் வருகின்றன. தங்குமிடத்தை மாதங்களுக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

மார்கழிக் கடைசியிலும் தையிலும் பனங்கிழங்குப் பாத்தி கிண்டலாம். கிண்டிய கிழங்கை அன்றே அவித்துச் சாப்பிடுங்கள். ஆனால் அந்தப் பருவத்தின் பெரிய விருந்து பட்டம். வாடைக் காற்று எழுந்ததும் வடமராட்சி வானம் நிறைந்துவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்ப்பது ஒரு மகிழ்ச்சி. அதற்கு முந்தைய வாரம் ஒரு மாமாவோடு உட்கார்ந்து மூங்கில் சீவி, தாள் ஒட்டி, பட்டத்தை நூலோடு இணைக்கும் முச்சை கட்டக் கற்பது அதைவிடப் பெரிய மகிழ்ச்சி என்பேன். முச்சையில் ஒரு நூல் சற்று நீண்டாலும் பட்டம் குத்துக்கரணம் போடும். காற்றில் ஒலிக்கும் விண் பூட்டிய பட்டத்தை இரவில் மரத்தில் கட்டி விட்டால் விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் தூங்கிய பிள்ளை அதை மறக்காது. மின்கம்பி இல்லாத வெளியில் மட்டும் ஏற்றுங்கள்.

இனித் தண்ணீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. அது கடலோரத்தில் வெளிவரும் இடம் கீரிமலை. கேணிச் சுவருக்கு அப்பால் உப்புக் கடல், இப்பால் குளிர்ந்த நன்னீர். நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு அவசரமாகக் கால் நனைத்துத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. வார நாளில் காலை வெயில் ஏறுமுன் போய், ஒன்றரை மணி நேரமாவது தண்ணீரில் இருங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோங்கள், படிகள் வழுக்கும். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருகிறவர்களின் கூட்டம் நிறைந்திருக்கும்; நீந்த நினைப்பவர்கள் வேறு நாள் பாருங்கள்.

நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். நேரங்கள் மாறுவதால் முதல் நாளே விசாரியுங்கள், கடைசிப் படகு எப்போது என்பதையும் சேர்த்து. சோளகக் காற்றுக் காலத்தில் அலை கடுமையாக இருக்கும். வயிறு புரளும் பிள்ளைகள் இருந்தால் அந்த மாதங்களில் காரைநகர் கசூரினாக் கடற்கரையே போதும். தீவில் நிழல் குறைவு, குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். அங்கே திரியும் காட்டுக் குதிரைகளைத் தூரத்தில் நின்று பாருங்கள், துரத்த வேண்டாம்.

கிழக்குக் கடல் வைகாசி முதல் புரட்டாசி வரை அமைதியாக இருக்கும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போய்ப் பவளப் பாறைகளுக்கு மேல் மிதக்க அதுதான் காலம். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். மார்கழியில் போகிறவர்கள் இதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, திருகோணமலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம். ஏழு சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்று வேறு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, எது அதிகச் சூடு என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது இழைத்த பெட்டியைக் கைப்பையில் வையுங்கள், நசுங்காது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓலைப் பொருள், ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு), பனாட்டு எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். பச்சைக் கிழங்கை ஊரிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.