வேலை, குழந்தை, வலைப்பதிவு: எங்கே தவறுகிறோம்?

முழுநேர வேலையும் சின்னக் குழந்தையும் இருப்பவர் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தால், முதலில் கிடைக்கும் அறிவுரை "நேரத்தைத் திட்டமிடுங்கள்" என்பதுதான். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்கவைத்து, மறுநாளுக்கு வேண்டியதை எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவது துண்டு துண்டான நிமிடங்கள். அந்தத் துண்டுகளுக்கு ஏற்றபடி எழுதும் முறையை மாற்றாமல், நாள் முழுக்க எழுத உட்காருகிறவரின் முறையை அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

அதில் முதலாவது, வாரத்துக்கு இத்தனை பதிவு என்று ஆரம்ப உற்சாகத்தில் அறிவித்துவிடுவது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு வாரத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தையும், மாதக் கடைசியில் வேலை குவியும் வாரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பலருக்கு விடை பூஜ்யம்தான். சரி, அப்படியென்றால் மாதம் ஒன்றோ இரண்டோ போதும். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. மின்னஞ்சலிலோ ஆர்எஸ்எஸ் ஓடையிலோ (புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் வசதி) உங்களைத் தொடர்கிறவருக்குப் பதிவு வெளியாகும்போது தானாகப் போய்ச் சேரும். தேடுபொறி வழியாக வருகிறவர் போன வருடம் எழுதியதையும் படிப்பார். அறிவித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் இரண்டு பதிவுகளை முழுதாக முடித்துக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அறிவிக்கலாம். வலைப்பதிவுத் தளங்களான வேர்ட்பிரஸ், பிளாக்கர் இரண்டிலுமே தேதி குறித்து வெளியிடும் வசதி உண்டு. காய்ச்சல் வாரத்தில் அது கைகொடுக்கும்.

துண்டு நேரத்தில் எதைச் செய்வது

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கிடைத்த பத்து நிமிடத்தில் கட்டுரை எழுத உட்கார்வது, ஒரு மணி நேரம் தடையில்லாமல் கிடைத்தால் படம் தேடவும் வார்ப்புருவின் (தளத்தின் வடிவமைப்பு) நிறத்தை மாற்றவும் செலவழித்துவிடுவது. இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும்.

ஒரு பதிவு என்பது ஒரே வேலை அல்ல. யோசனையைக் குறித்துவைப்பது, தகவலைச் சரிபார்ப்பது, தலைப்பு, படம், பழைய பதிவுகளுக்கு இணைப்பு கொடுப்பது, எழுத்துப்பிழை பார்ப்பது என இதெல்லாம் ஐந்து பத்து நிமிடத்தில் முடிகிற வேலைகள். பேருந்தில் போகும்போது, மருத்துவமனையில் வரிசையில் காத்திருக்கும்போது, பிள்ளை வகுப்பு முடிந்து வெளியே வரும்வரை என்று எங்கேயும் செய்யலாம். முதல் வரைவு எழுதுவதும், வாதத்தை மாற்றி அடுக்குவதும் அப்படியல்ல. அவற்றுக்கு ஒரே மூச்சில் கொஞ்சம் நேரம் வேண்டும். வாரத்தில் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்தாலும் அதை இந்த இரண்டுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். வரைவுக்குக்கூடக் குரல் தட்டச்சு பாதி வேலையைச் செய்துவிடும். கூகுளின் கைப்பேசி விசைப்பலகையான ஜிபோர்டு தமிழில் பேசினால் எழுதிக்கொள்கிறது. நிறுத்தற்குறிகளை நாம்தான் பிறகு போட வேண்டியிருக்கும். ஆனால் நடந்துகொண்டே பேசிய இரண்டு பத்திகள், வெற்றுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இரவைவிட எவ்வளவோ மேல்.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அலுவலக மின்னஞ்சலை மூடிய கையோடு பதிவைத் திறந்தால் வாக்கியம் வராமல் திணறுவது ஏன் என்பதற்கு இது பெரிய விளக்கம். அது சோம்பலும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. பின்னாளில், 2018இல், அவர் சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட இன்னொரு ஆய்வு ஒரு வழியையும் காட்டியது. குறுக்கீடு வரும்போது, எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று சட்டென்று குறித்துவிட்டுப் போனால் அந்த ஒட்டுதல் குறைகிறது.

பெற்றோருக்கு ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை அழும்போது குறிப்பு எழுத யாரும் உட்கார மாட்டார்கள், உட்காரவும் கூடாது. அதனால் எழுதத் தொடங்கும் முன்பே, "அடுத்த பத்தியில் சொல்ல வேண்டியது இது" என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள். எந்த நொடியில் எழுந்து போனாலும் அந்த வரி அங்கே இருக்கும். அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன்பும் நாளைக்கு முதல் வேலை எது என்று ஒரு வரி குறித்துவைத்தால், மாலையில் மனம் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வந்து சேரும்.

யாருடைய நேரத்தை எடுக்கிறோம்

விடியற்காலையில் எழுந்து எழுதுங்கள் என்று சொல்கிறவர்கள் அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனை உதாரணம் காட்டுவது வழக்கம். பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டே, பொழுது விடியும் முன் எழுதியவர் அவர். அந்த நேரத்தை அவர் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பிள்ளைகள்தான். அவர்கள் விழித்து அம்மாவைக் கூப்பிடும் முன் எழுதியாக வேண்டியிருந்தது. காலையில்தான் தன் சிந்தனை தெளிவாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டார். அதாவது தன் வீட்டில் எந்த நேரம் காலியாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டார். உங்கள் குழந்தை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிற ரகம் என்றால் ஐந்து மணி உங்களுக்கான நேரம் அல்ல. மதிய இடைவேளையின் இருபது நிமிடமாகவும் அது இருக்கலாம்.

தூக்கத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் கூட்டாகப் பரிந்துரைத்தன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது ஏற்கெனவே கிடைப்பதில்லை. அந்த மாதங்களில் பதிவு காத்திருக்கட்டும்.

அடுத்தது, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டுவது. இரண்டையும் செய்வதாகத் தோன்றும். பாஸ்டன் பகுதி உணவகங்களில் குழந்தைகளோடு வந்த 55 பேரைக் கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவர்களில் 40 பேர் கைப்பேசி போன்ற கருவியை எடுத்தார்கள். அதிலேயே மூழ்கிவிட்டவர்களில் சிலர், பிள்ளை கவனத்தைத் திருப்ப முயன்றபோது கடுமையாக நடந்துகொண்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது இது இன்னும் சுலபமாக நடக்கும், ஏனென்றால் பாதி வாக்கியம் கையில் இருக்கிறது. "அரை மணி நேரம் எழுதப்போகிறேன், பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு இடத்துக்குப் போய், சொன்னபடி திரும்பி வருவது குழந்தைக்கும் நல்லது, பதிவுக்கும் நல்லது.

அந்த அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் யார்? பெரும்பாலும் கணவர் அல்லது மனைவி, இல்லையென்றால் தாத்தா பாட்டி. அவர்களிடம் கேட்காமலேயே அந்த நேரத்தை எடுத்துக்கொள்வதுதான் வீட்டில் மனக்கசப்பாக மாறுகிறது. வாரத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம் என்று பேசி முடிவு செய்யுங்கள். அதே அளவு நேரம் அவர்களுக்கும், அவர்களுக்குப் பிடித்த எதற்காகவாவது, கிடைக்க வேண்டும்.

வேலை தரும் நிறுவனம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வெளி வேலை, வெளி வருமானம், படைப்புகளின் உரிமை பற்றிய விதிகள் அதில் இருக்கும். வேலையின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலில் நிறுவனத்துக்கே என்பது பல நாடுகளின் சட்டம். ஆகவே அலுவலக மடிக்கணினியிலும் அலுவலக நேரத்திலும் எழுத வேண்டாம். சக ஊழியர்களைப் பெயர் மாற்றி எழுதினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பதிவர் தன் பணியிடத்தைப் பற்றித் தன் 'டூஸ்' தளத்தில் எழுதியதால் 2002இல் வேலையை இழந்தார். பதிவு எழுதி வேலை போவதைக் குறிக்க அந்தத் தளத்தின் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது.

பிள்ளையின் கதை

எல்லாவற்றிலும் திருத்த முடியாத தவறு இதுதான். மேலே சொன்ன எதையும் அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம். குழந்தையைப் பற்றி எழுதி வெளியிட்டதைத் திரும்ப எடுப்பது கடினம். நீங்கள் அழித்தாலும் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் போன்ற காப்பகங்களிலோ யாரோ ஒருவரின் கைப்பேசியிலோ நகல் இருக்கலாம்.

பெற்றோர் எழுதும்போது மிக எளிதாகக் கிடைக்கும் பொருள் பிள்ளைதான், புரிகிறது. கழிப்பறைப் பழக்கம், மருத்துவப் பிரச்சினை, பள்ளியில் வாங்கிய திட்டு என்று எதை எழுதினாலும் "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று நாலு பேர் ஆறுதலாகச் சொல்வார்கள். ஆனால் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளையின் வகுப்பில் இருக்கிறவர்களும் அதைத் தேடிப் படிக்க முடியும். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்: தூங்காத இரவில் உங்களுக்கு வந்த கோபம், பயம், செய்த தவறு, கற்றுக்கொண்டது. பிள்ளைக்கு நேர்ந்ததை எழுத உரிமை பிள்ளைக்குத்தான். பதில் சொல்லத் தெரிந்த வயது வந்ததும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பதிவு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

புகைப்படத்தில் பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், பிறந்த தேதி தெரியவே கூடாது. கைப்பேசிப் படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கக்கூடும். வெளியிடும் முன் அதை நீக்குங்கள், அல்லது கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவையுங்கள்.

வருமானம் வரத் தொடங்கினால் இது இன்னும் பெரிய கேள்வி. இணையத்தில் வேலை செய்யும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக பிரான்ஸ் 2020இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தங்களைப் பற்றிய காணொளிகளை நீக்கச் சொல்லும் உரிமையை அது பிள்ளைகளுக்கே தருகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், வருமானம் தரும் குடும்பக் காணொளிகளில் தோன்றும் பிள்ளைகளுக்கு அதில் பங்கு ஒதுக்கிவைக்க வேண்டும். சட்டங்கள் இப்போதுதான் இந்த இடத்துக்கு வருகின்றன. பெற்றோர் அதற்கு முன்பே வந்துவிடலாம்.

நிறுத்திவைக்கத் தெரியாமல் இருப்பது

சில மாதங்கள் எழுதவே முடியாது. இரண்டாவது குழந்தை, புது வேலை, வீட்டில் யாருக்காவது உடல்நலக் குறைவு என்று ஏதாவது வரும். அப்போது பலர் குற்ற உணர்ச்சியில் ஒன்றிரண்டு அரைகுறைப் பதிவுகள் போட்டுவிட்டு, பிறகு வெட்கப்பட்டுத் தளத்தையே மூடிவிடுகிறார்கள். அதைவிட, இடைவெளி எடுக்கிறேன் என்று முகப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகப் போகலாம். திரும்பும் தேதி எதுவும் சொல்ல வேண்டாம். போகும் முன் மூன்று வேலைகள்: சொந்த டொமைன் (தளத்தின் இணைய முகவரி) இருந்தால் அதைத் தானாகப் புதுப்பிக்கும்படி மாற்றுங்கள், இல்லாவிட்டால் பெயர் கைமாறிவிடக்கூடும். எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். பின்னூட்டங்களை மட்டுறுத்தலில் வையுங்கள் (நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியாகும்படி), கவனிக்க ஆளில்லாத தளத்தில் குப்பை விளம்பரங்கள் சீக்கிரம் குவிந்துவிடும். மூன்றும் துண்டு நேரத்திலேயே முடிகிற வேலைகள்தான்.