கத்திரி வெயிலுக்கு ரைடிங் ஜாக்கெட்: வாங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

ஜாக்கெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, காற்று நன்றாகப் போகும் போலிருக்கிறதே என்று அதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. காற்று எந்த இடத்தில் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி சறுக்கி விழும்போது தோளும் முழங்கையின் வெளிப்பக்கமும்தான் தாரில் அதிகம் தேயும். அங்கே மெஷ் (வலைத்துணி) கூடாது, அடர்த்தியான துணி வேண்டும். நெஞ்சிலும் கையின் உட்பக்கத்திலும் மெஷ் இருந்தாலே காற்று தாராளமாக வரும். பாலியஸ்டர் சுமார் 250–260 டிகிரியில் உருகிவிடும். ரோட்டில் உரசும் சூட்டில் மெல்லிய மெஷ் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளலாம். தோள் இணைப்பில் ஒற்றைத் தையல் என்றால் துணி தாங்கினாலும் தையல் பிரிந்துவிடும்.

‘சிஇ ஆர்மர்’ (ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற, அடி தாங்கும் பேடு) என்று அட்டையில் இருந்தால் ஜாக்கெட்டே தரச்சான்று பெற்றது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அது உள்ளே இருக்கும் பேடுக்கு மட்டுமான சான்று. ஜாக்கெட்டுக்கு உள்பக்க லேபிளில் ஈஎன் 17092 (EN 17092) என்ற ஐரோப்பியத் தர எண் தனியாக இருக்க வேண்டும். அதில் உயர்ந்ததிலிருந்து ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்புகள் உண்டு. மெஷ் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் ஏ வகுப்புதான். ஏஏ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். சி வகுப்பு என்பது ஆர்மரைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே, தேய்மானத்துக்குத் தாங்காது.

ஆர்மரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மென்மையான ஆர்மர் வெயிலில் இன்னும் இளகும். ஈஎன் 1621-1 சோதனையில் 40 டிகிரியிலும் தேறிய பேடில் ‘டி+’ (T+) குறி இருக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு அந்தக் குறியைத் தேடி வாங்குவது நல்லது. ஜாக்கெட்டின் முதுகுப் பக்க உள்பையில் கையை விட்டுப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது எந்தச் சான்றும் இல்லாத வெறும் ஸ்பாஞ்ச். ஈஎன் 1621-2 லெவல் 2 பேக் ப்ரொடெக்டரைத் தனியே வாங்கிப் போடுங்கள். அதிலும் துளைகள் உள்ளதாகப் பார்த்தால் முதுகு வேகாது.

காற்றோட்டத்துக்கென்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது இவை எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். தொளதொள ஜாக்கெட்டில், விழும்போது ஆர்மர் சுழன்று நகர்ந்துவிடும், முழங்கை நேராகத் தரையில் அடிக்கும். கடையிலேயே வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடியுங்கள். முழங்கை பேடை மறு கையால் திருகிப் பாருங்கள். எலும்பு முனையை விட்டு விலகினால் அந்த சைஸ் வேண்டாம். மேற்கையிலும் முன்கையிலும் இறுக்கும் பட்டி இருப்பது இதற்காகத்தான்.

எல்லா வெயிலும் ஒரே வெயில் அல்ல. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது. அங்கே தோள், முழங்கை தவிர மற்ற இடமெல்லாம் மெஷ் உள்ள ஜாக்கெட்தான் சரி. தண்ணீரில் நனைத்துப் போடும் கூலிங் வெஸ்ட் அங்கே பெரிதாக உதவாது. வேலூர், திருச்சி, கரூர் பக்கம் 40 டிகிரி வறண்ட காற்று தோலைவிடச் சூடானது. மெஷ் வழியே அது வேகமாக அடித்தால் உடம்புக்குச் சூடுதான் ஏறும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துபோவதால் நீர் வற்றுவதும் தெரியாது. அந்தப் பக்கம் ஜிப் வைத்த வென்ட்டுகள் (காற்றுத் திறப்புகள்) உள்ள, மெஷ் இல்லாத டெக்ஸ்டைல் ஜாக்கெட்டுக்குள் நனைத்த பனியன் போடுவது மெஷ்ஷைவிடக் குளிர்ச்சி. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி, உப்பு போட்ட மோரோ தண்ணீரோ குடியுங்கள்.

மழை லைனரை (மழை நீரைத் தடுக்கும் உள்ளுறையை) உள்ளேயே விட்டுவிட்டு ஜாக்கெட் சுடுகிறது என்று குறைபடுபவர்கள் நிறைய. அதைக் கழற்றி பையில் வையுங்கள், மழைக்கு மேலே போடும் ரெயின்கோட் போதும்.

கையுறையில் காற்றுத் துளைகளைவிட, உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஸ்லைடர் (தரையில் வழுக்கிச் செல்லும் கடினமான தகடு) இருக்கிறதா என்பதே முக்கியம். விழும்போது எல்லோரும் உள்ளங்கையைத்தான் ஊன்றுகிறார்கள். விரல் வெட்டிய கையுறை வேண்டாம். ஹெல்மெட் புழுங்குகிறது என்று பாதி ஹெல்மெட்டுக்குப் போக வேண்டாம், அதில் தாடைக்குப் பாதுகாப்பே இல்லை. முகவாயிலும் நெற்றியிலும் காற்று நுழைய வழியும், பின்னால் அது வெளியேறத் துளையும் உள்ள ஃபுல் ஃபேஸ் எடுங்கள். பின்துளை இல்லாவிட்டால் முன்னால் எத்தனை வென்ட் இருந்தும் சூடு உள்ளேயே நிற்கும்.