மக்களவைக் கட்சி நிலவரம்: எண்களை எடுத்தாளும்போது நேரும் தவறுகள்

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மேடையில் பேசுபவர்கள், தேநீர்க் கடையில் அரசியல் வாதம் செய்பவர்கள் ஆகிய எல்லோருடைய பேச்சிலும் மக்களவையின் கட்சி நிலவரம் வந்து போகிறது. அவர்கள் சொல்லும் எண் எங்கோ அச்சான எண்ணாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அது எந்த நாளைச் சேர்ந்தது, யாரை எந்தக் கணக்கில் சேர்த்து எண்ணியது என்பது மட்டும் விடுபட்டுப் போகும்.

முதல் தவறு மொத்த எண்ணிக்கையிலேயே தொடங்குகிறது. திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பொது அறிவுக் கையேட்டில் 545 என்று இருந்தால், அது 2020-க்கு முன் அச்சானதாக இருக்கும். ஆங்கிலோ-இந்தியச் சமூகத்திலிருந்து குடியரசுத் தலைவர் இருவரை நியமிக்கும் ஏற்பாடு, 104-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. 2024 தேர்தலின்படி அவையின் இடங்கள் 543. இவற்றில் மாநிலங்களுக்கு 524, ஒன்றியப் பகுதிகளுக்கு 19. அரசியலமைப்பு அனுமதித்திருந்த உச்ச வரம்பான 552-ஐ உண்மையான எண்ணிக்கையாக எழுதுவது இதன் கிளைத் தவறு.

அடுத்த தவறுதான் தமிழ்நாட்டு வாசகர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது. கட்சிவாரிப் பட்டியல், வேட்பாளர் எந்தக் கட்சியின் பெயரிலும் சின்னத்திலும் போட்டியிட்டார் என்பதைப் பார்த்தே தயாராகிறது; அவர் எந்தக் கட்சி அலுவலகத்திலிருந்து வந்தார் என்று அது கேட்பதில்லை. 2019-இல் விழுப்புரத்தில் விடுதலைச் சிறுத்தைகள், ஈரோட்டில் ம.தி.மு.க., நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி, பெரம்பலூரில் இந்திய ஜனநாயகக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்த நால்வர் உதயசூரியன் சின்னத்தில் வென்றனர். அதனால் பட்டியலில் தி.மு.க.வின் பலம் 24 ஆனது. 2024-இல் அப்படி வென்றவர் நாமக்கல் உறுப்பினர் ஒருவரே. விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்திலும் ம.தி.மு.க. தீப்பெட்டிச் சின்னத்திலும் தனியாக எண்ணப்பட்டன. பட்டியலை மட்டும் பார்ப்பவர் 24 என்பது 22 ஆகிவிட்டது, தி.மு.க. இரண்டு இடங்களை இழந்துவிட்டது என்று எழுதிவிடுவார். தோழமைக் கட்சியினரைக் கழித்துப் பார்த்தால் தி.மு.க.வின் சொந்த உறுப்பினர்கள் 20-லிருந்து 21 ஆகியிருக்கிறார்கள். சரிவு என்று எழுதப்பட்ட இடத்தில் இருப்பது ஓர் இட உயர்வு.

இதோடு நாளும் சேர்ந்து குழப்பும். 2019-இல் வேலூர்த் தொகுதித் தேர்தல் ரத்து செய்யப்பட்டு ஆகஸ்டில்தான் நடந்தது. ஆகவே, அந்த மே மாதத்துப் பத்திரிகையில் தி.மு.க.வுக்கு 23 என்றும் மொத்த முடிவுகள் 542 என்றும் இருப்பது அச்சுப்பிழை அன்று. அதேபோல், 2024 ஜூனில் 99 இடங்களோடு வந்த காங்கிரஸ், ராகுல் காந்தி ரேபரேலியை வைத்துக்கொண்டு வயநாட்டைத் துறந்ததும் 98 ஆயிற்று. அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் வயநாடு மீண்டும் அக்கட்சிக்கே வந்தது. தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பட்டியல் அந்தத் தேர்தலுக்கு மட்டுமே உரியது. ராஜினாமா, மரணம், தகுதியிழப்பு, இடைத்தேர்தல் ஆகியவற்றுக்குப் பின் உள்ள நிலையை மக்களவையின் உறுப்பினர் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

கட்சியையும் கூட்டணியையும் ஒன்றாக்கிப் பேசுவது இன்னொரு வழக்கம். 2024-இல் பா.ஜ.க. பெற்றது 240, தேசிய ஜனநாயகக் கூட்டணி பெற்றது 293. தனிப் பெரும்பான்மை இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு விடை தருவதால், எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் நகர முடியாது. எதிர்த்தரப்பான ‘இந்தியா’ கூட்டணியின் 234-இல், மேற்கு வங்கத்தில் காங்கிரஸையும் இடதுசாரிகளையும் எதிர்த்து நின்ற திரிணாமூல் காங்கிரஸின் 29 இடங்களும் அடங்கும். மீதமுள்ள 16 பேரை இரு அணிகளில் ஒன்றில் தள்ளிவிடுவதும் நடக்கிறது. (தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் மொத்த இடங்களும் 234 என்பது தற்செயலே, ஆனால் வினாடி வினாக்களில் இது தேவையில்லாத குழப்பம் தருகிறது.)

பெரும்பான்மைக்கு எப்போதும் 272 வேண்டும் என்பது பாதி உண்மை. 543 இடங்களில் சரிபாதியைத் தாண்டும் எண் அது. சாதாரணத் தீர்மானத்தை முடிவு செய்வதோ அன்று அவைக்கு வந்து வாக்களித்தவர்களின் எண்ணிக்கைதான். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதை அடுத்து 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு சந்தித்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. எவரும் 272-ஐத் தொடாமலேயே ஓர் அரசு வீழ்ந்தது. வாக்குகள் சமமானால் மட்டுமே சபாநாயகர் வாக்களிப்பார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் அளவுகோலே வேறு: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கும் ஆதரிக்க வேண்டும். 543 பேரும் வாக்களித்தால் அது 362. அந்த இடத்தில் 293 உள்ள கூட்டணியும் வெளியே ஆதரவு தேட வேண்டியிருக்கும்.

வாக்கு விகிதத்திலிருந்து இடங்களை ஊகிப்பவர்களுக்கு 2024 தமிழ்நாட்டு முடிவு ஒன்றே போதும்: ஏறத்தாழ 20 விழுக்காடு வாக்குப் பெற்ற அ.தி.மு.க.வுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 84, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட 47 ஆகியவை தொகுதிகளின் எண்ணிக்கை. பொதுத் தொகுதியில் அவர்கள் நிற்கத் தடையில்லாததால், உறுப்பினர் எண்ணிக்கை இதைவிடக் கூடலாம். மாநிலங்களவை உறுப்பினரும் எம்.பி.தான் என்பதால் இரு அவைகளையும் கலப்பதும் உண்டு; 2022-இல் நியமனம் பெற்ற இளையராஜா மாநிலங்களவையைச் சேர்ந்தவர், மக்களவைக் கணக்கில் வரமாட்டார்.

சென்னைக்கு மூன்று எம்.பி.க்கள் என்று சொல்வதிலும் சிறு திருத்தம் தேவை. வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை என்ற பெயர்கள் மூன்றுதான். ஆனால் மாநகராட்சிக்குள் இருக்கும் அம்பத்தூரும் ஆலந்தூரும் திருப்பெரும்புதூர்த் தொகுதியிலும், மாதவரம் திருவள்ளூர்த் தொகுதியிலும் வாக்களிக்கின்றன. மாநகராட்சி எல்லையை வைத்து எண்ணினால், 2024-இல் நகரவாசிகள் தேர்ந்தெடுத்தவர்கள் ஐவர். அவர்களில் நால்வர் தி.மு.க., திருவள்ளூரில் வென்றவர் காங்கிரஸ்.