மஞ்சளாக மறுத்த குப்பி
மரபணு மறுசேர்க்கை முறையில் உருவாக்கிய மனித ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதியோடு மூன்று நாள் திண்டாடினேன். பிற மூலக்கூறுகளிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுப்பது இதன் வேலை. சோதனைப் பொருளான பாரா-நைட்ரோபினைல் பாஸ்பேட்டைச் சேர்த்தால், நொதி அதை வெட்ட, சில நிமிடங்களில் கரைசல் மஞ்சளாக வேண்டும். எனக்கோ, மஞ்சளை அளக்கும் 405 நானோமீட்டர் ஒளியில், நொதி சேர்க்காத வெற்றுக் கரைசலைவிடச் சற்றே கூடுதலான ஒளி உறிஞ்சல்தான் வந்தது. புரதமே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, விற்றவர்களுக்குப் புகார்க் கடிதம்கூட எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

தவறு என்னுடையது. பழக்கதோஷத்தில் நொதியை, பிஎச் (அமில-கார அளவு) மாறாமல் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் நீர்க்கச் செய்திருந்தேன். பாஸ்பேட் இந்த நொதியின் விளைபொருள். நொதி வேலை செய்யும் இடமான வினைமையத்தில் அதுவே போய் உட்கார்ந்துகொண்டால் வேலை எப்படி நடக்கும்? போதாக்குறைக்கு அதன் பிஎச் 7.4, நொதிக்குப் பிடித்ததோ 10-ஐ ஒட்டிய காரத்தன்மை. இடிடிஏவும் கலந்திருந்தேன். நொதிக்கு இன்றியமையாத துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பறிக்கக்கூடியது அது.

அதே குப்பியிலிருந்து புதிதாக எடுத்தேன். டைஎத்தனாலமைன் தாங்கல், பிஎச் 9.8, மெக்னீசியம் குளோரைடு 0.5 மில்லிமோலார். குழாய்ச் சுவரில் புரதம் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் மாட்டுச் சீரம் ஆல்புமின். மூன்றாவது நிமிடமே மஞ்சள்! கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.